மானுக்கு வைத்த சோறு

“அம்மா, ஆரெலி மாமிக்கு மட்டும் ஏன் எப்பவும் அலுமாரிக் கோப்பையிலை தேத்தண்ணி குடுக்கிறீங்கள்?”

அக்‌ஷரா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. துஷாந்தியின் வீட்டில் எல்லோரும் குடிப்பது அடுக்களைக் கோப்பைகளில்தான். ஒன்றுக்குக் கைபிடி இல்லை, இன்னொன்றுக்கு விளிம்பு போயிருந்தது. தங்கக் கோடு போட்ட கோப்பைகள் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன. அவை வெளியாட்களுக்கு.

“அவ விருந்தாளி எல்லே, அதுதான்,” என்று துஷாந்தி சொல்லிவிட்டாள்.

அம்மாவின் தம்பி கரிகாலன் மாமா கைபிடியில்லாத கோப்பையில் குடிக்கிறார். மாமாவைக் கட்டியவர் மட்டும் எப்படி விருந்தாளி என்று பிள்ளைக்கு விளங்கவில்லை. ஆனாலும் மறுபடி கேட்கவில்லை. பிள்ளைகள் சில கேள்விகளை ஒருமுறைதான் கேட்பார்கள். பதில் சரியில்லை என்று கண்டால் கேள்வியைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள்.

மூன்று வருடம் கழித்து, இந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு மான் பூங்காவில் வைத்து அந்தக் கேள்வி துஷாந்தியைத் தேடி வந்தது.

அதற்கு முதல் நாள்தான் அப்பாவின் திவசம். ஸ்ரீஸ்கந்தராசா பாரிசின் லா சப்பலில் மரக்கறிக்கடை போட்டு, அதிலேயே நரைத்து, கண்மூடி இரண்டு வருடமாகிறது. கோவிலில் கரிகாலன் பிண்டம் வைத்துக் கும்பிட்டு முடிந்ததும், அதைப் பசுவுக்குக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் ஓடுகிற தண்ணீரில் விடலாம் என்று சொன்னார் ஐயர். வாழையிலையில் மடித்து, இரண்டு இடத்தில் ஈர்க்குக் குத்தித் துஷாந்தியின் கையில் கொடுத்தார்.

“கனாலிலை விட்டிட்டு வாங்கோ அக்கா,” என்றான் கரிகாலன். அவனுக்கு அப்பாவின் கடையைத் திறக்கிற அவசரம்.

போன வருடம் அவள் அப்படித்தான் செய்தாள். கனால் என்கிற அந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடவில்லை. ஒரு பியர்த் தகரத்துக்கும் பிளாஸ்ரிக் போத்தலுக்கும் நடுவில் அப்பாவின் சோறு அசையாமல் நின்றது. ஆயுள் முழுக்க ஊருக்கெல்லாம் மரக்கறி தெரிந்து கொடுத்த மனிதருக்கு இப்படியா என்று அன்று இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் இம்முறை பொட்டலத்தை வெள்ளித்தாளில் சுற்றி, கடைக் குளிர்பெட்டியில் தயிர் வாளிகளுக்குப் பின்னால் வைத்தாள். நாளைக்கு மிருகங்கள் இருக்கிற இடத்துக்குத்தானே போகிறோம், ஒரு பசு இல்லாமலா போகும் என்று நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பூங்காவுக்குப் போகிற ஏற்பாடு ஆரெலியுடையது. புதுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். தகப்பன் மார்செல் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்று செவ்ரானில் இருக்கிறார். கரிகாலன் அவளைக் கட்டியபோது மெரிக்கு, நகரசபைப் பதிவுத் திருமணத்துக்கு, போனவர் ஸ்ரீஸ்கந்தராசா மட்டும்தான். துஷாந்தி, கடையில் சாமான் இறக்க ஆளில்லை என்று சாட்டுச் சொல்லி நின்றுவிட்டாள். அதற்குப் பிறகும் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அலுமாரிக் கோப்பையை எடுத்து எடுத்துக் கொடுத்தாள்.

இத்தனை காலமும் எத்தனையோ அழைப்புகளைத் தட்டிக் கழித்தவள், இந்த முறை ஓம் என்றாள். தம்பியின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. தன்னுடைய மனதுக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதே.

காலையில் துஷாந்தி பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டதும் கடை வாசலில் இருந்து புறப்பட்டார்கள். துஷாந்தியின் கணவன் அருள்நேசனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ரெஸ்ரோரண்டில் வேலை. கார் பாரிசைத் தாண்டிக் காட்டுப் பக்கம் திரும்பியதும் ஆரெலி பின்னால் திரும்பி அக்‌ஷராவுடன் பேசத் தொடங்கினாள். பிள்ளை பிரெஞ்சில் கேட்டது, அவள் தமிழில் பதில் சொன்னாள். சின்ன வயதில் ஒவ்வொரு வசந்தத்துக்கும் அப்பா தன்னை அங்கே கூட்டிப்போவாராம். மான்கள் கட்டின்றித் திரியுமாம். உள்ளங்கையில் தீனியை வைத்து நீட்டினால் வந்து தின்னுமாம். பின்னேரம் பூங்காக்காரர் ஸ்ரனிஸ்லாஸ் ஒரு பெரிய மணியை அடிப்பார், காட்டுக்குள் இருக்கிற மான் எல்லாம் ஓடி வரும். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளில் இருந்து, அவள் போகிற நாளில் அந்த மணியை அடிப்பது அவள்தான்.

“இன்னிக்கு நீ அடிக்கலாம். ஸ்ரனிஸ்லாஸ்கிட்ட கேட்டு வெச்சிருக்கேன்.”

“நீர் இன்னும் மணி அடிக்கிறீரோ?” என்று கரிகாலன் பகிடி பண்ணினான். “ரெண்டு கழுதை வயசாச்சு.”

“ஒரு கழுதைக்குத்தான் பொறாமை,” என்றாள் ஆரெலி. அக்‌ஷரா விழுந்து விழுந்து சிரித்தாள். துஷாந்திக்கும் சிரிப்பு வந்தது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் ஸ்ரனிஸ்லாஸ் நின்றார். வெள்ளைக்காரர், அறுபதைத் தாண்டியவர், முழங்கால் வரை சப்பாத்து. ஆரெலியைக் கண்டதும் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, மார்செலின் முழங்கால் எப்படி என்று கேட்டார். அக்‌ஷராவைப் பார்த்து, மணிக்கயிறு கொஞ்சம் பாரம், பலமாகச் சாப்பிட்டுவிட்டு வா என்றார்.

தீனியை அவரே கடதாசிச் சுருளில் போட்டுக் கொடுத்தார். வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொன்னார். பக்கத்தில் பலகையும் இருந்தது. அதில் ஒரு பாண் ரொட்டியின் படத்துக்குக் குறுக்கே சிவப்புக் கோடு.

துஷாந்தி அந்தப் பலகையைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

பூங்காவில் பசு இல்லை. சிறுபிள்ளைகளுக்கான மூலையில் ஆடுகளும் இரண்டு கழுதைகளும் நின்றன. ஆட்டுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. மத்தியானம் புல்லில் அமர்ந்து சாப்பிட்டு, கரிகாலன் கடைக்காரப் பையனுடன் தொலைபேசியில் கதைக்கக் கார்ப் பக்கம் போனான். பொட்டலத்தைத் திரும்பக் கொண்டுபோவதா என்று அவள் மனம் அரித்தது.

அப்போதுதான் அந்தப் பெண்மான் வந்தது. வயிறு கனத்து, மெல்ல மெல்ல அடி வைத்து, மற்றவர்களை விட்டுவிட்டு நேரே அவளுடைய பையை முகர்ந்தது.

சிவபெருமான் கையில் ஏந்தியிருப்பது மானைத்தானே என்று அவளுக்குத் தோன்றியது. குளம்பு இருக்கிறது, இரை மீட்கிறது. பசுவுக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? பலகையில் போட்டிருந்தது பாண்தானே. அப்பாவே அனுப்பியதுபோல் அது தன்னைத் தேடி வந்து நிற்கிறதே. தவறு செய்யத் தீர்மானித்துவிட்ட மனத்துக்கு நியாயங்கள் வரிசையாக வந்து நிற்கும்.

ஆரெலி சற்றுத் தள்ளி அக்‌ஷராவின் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். துஷாந்தி மரத்தின் மறைவுக்குப் போய் வெள்ளித்தாளை உரித்தாள். எள்ளும் நெய்யும் மணந்தன. ஈர்க்கைக் கழற்றுவதற்காக விரலை வைத்தாள்.

மான் காத்திருக்கவில்லை. இலையோடு சேர்த்துக் கவ்வி இழுத்துவிட்டது.

அவள் பதறிப்போய்ப் பிடிக்கப் பார்த்தாள். பாதி இலை வாய்க்குள் போய்விட்டது. வெள்ளித்தாள் காற்றில் பறந்து புல்லில் விழுந்தது. மான் மென்றது, விழுங்கியது, திரும்ப மென்றது. பிறகு தலையை நீட்டி இருமத் தொடங்கியது.

மான் இருமும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. மனிதர் இருமுவது போலவே இருந்தது.

சனம் கூடியது. ஸ்ரனிஸ்லாஸ் ஓடி வந்தார். மானின் கழுத்தைத் தடவி, வாய் ஓரத்தில் ஒட்டியிருந்த சோற்றைத் தொட்டுப் பார்த்து நிமிர்ந்தார். யார் கொடுத்தது என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

துஷாந்தியின் வாய் திறக்கவில்லை. பிரெஞ்சு வரவில்லை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது உண்மையில்லை. ‘நான்’ என்பதற்கு எவ்வளவு பிரெஞ்சு வேண்டும்?

ஸ்ரனிஸ்லாஸின் பார்வை ஆரெலியின் கையில் நின்றது. பிள்ளைகள் காலில் மிதிபடாமல் இருக்க அவள் பொறுக்கிய வெள்ளித்தாள் அந்தக் கையில் இருந்தது.

ஆரெலி அதைப் பார்த்தாள். மரத்தடியில் நின்ற துஷாந்தியைப் பார்த்தாள். அவளுடைய விரல்களில் ஒட்டியிருந்த கறுப்பு எள்ளையும் பார்த்திருப்பாள்.

“செ முவா,” என்றாள். நான்தான்.

கிழவரின் முகம் விழுந்த விதத்தைத் துஷாந்தி இனி எந்த நாளும் மறக்கமாட்டாள். கோபத்தைப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். “நீயா? இந்த இடத்தில் வளர்ந்த பிள்ளை நீ,” என்று மட்டும் கேட்டார். என்ன சோறு, அதில் என்ன கலந்தது என்று விசாரித்தார். சோறு, எள், வாழையிலை என்று மணத்தையும் கண்ணில் பட்டதையும் வைத்து ஆரெலி சொன்னாள். இன்னும் ஒரு மாதத்தில் குட்டி போட இருக்கிற மான் என்று அவர் சொன்னார். கழுத்தில் கயிறு போட்டுக் கொட்டிலுக்கு நடத்திப் போகும்போது திரும்பிப் பார்க்காமலே, “மணியை இன்றைக்கு நானே அடித்துக்கொள்கிறேன்,” என்றார்.

சத்தம் கேட்டுக் கரிகாலன் வந்துவிட்டான். நடந்ததைப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவனுக்குச் சொன்னாள். அவன் காது சிவந்தது.

“உமக்கு என்ன விசரே? வாசலிலை அவ்வளவு சொல்லி விட்டவர்.” குரலைத் தாழ்த்தினான். அது ஊசி மாதிரி இருந்தது. “அக்கா முதல்முதலா எங்களோடை வெளிக்கிட்டு வந்திருக்கிறா. அவவுக்கு முன்னாலை என்னைத் தலைகுனிய வைச்சிட்டீர்.”

“தப்பு நடந்துடுச்சு. விடுங்க,” என்றாள் ஆரெலி.

இப்போது சொல்லலாம். இது தமிழ்தான், தம்பிதான். துஷாந்தி தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றாள். அக்கா என்று அவன் கண்ணில் வைத்திருந்த மரியாதை அவளுடைய வாயைப் பொத்தியது. அக்‌ஷரா அவளுடைய கையை இழுத்தாள்.

“அம்மா, நீங்கள் எல்லோ மரத்துக்குப் பின்னாலை...”

“பேசாமல் இரு.”

பிள்ளை பேசாமல் இருந்தது. தாயின் கையை விட்டுவிட்டு, ஆரெலியின் பக்கம் போய் நின்றுகொண்டது.

பொருட்களைக் கட்டும்போது இருவரும் மட்டும் தனித்து நின்ற ஒரு கணம் வாய்த்தது. ஆரெலி அந்த வெள்ளித்தாளைச் சின்னதாக மடித்துத் துஷாந்தியின் பைக்குள் வைத்தாள்.

“இத நீங்களே வெச்சிக்குங்க அண்ணி. குப்பையில போட மனசு வரல.” சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள். “மாமாவுக்கு வெச்ச சோறு, இல்ல?”

துஷாந்தி ஓம் என்று தலையசைத்தாள்.

“கல்லறைத் திருநாளுக்கு எங்கப்பா தாத்தா கல்லறைல ஒரு சுருட்டு வெப்பாரு. அம்மா திட்டுவாங்க. அடுத்த வருஷமும் வெப்பாரு.” லேசாகச் சிரித்தாள். “மாமா எங்க கல்யாணத்துக்கு வந்தப்ப ஒரு பெட்டி முருங்கைக்கா கொண்டாந்தாரு, ஞாபகம் இருக்கா?”

துஷாந்திக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. அவள் அங்கே இல்லையே. அதை ஆரெலி மறந்துபோய்க் கேட்டாளா, மன்னித்துவிட்டுக் கேட்டாளா என்று தெரியவில்லை. எப்படியோ, அது சுட்டது. ஒருவர் நம்மைத் திட்டினால் திருப்பித் திட்டலாம். ஒன்றுமே கேட்காமல் நமக்காகத் திட்டு வாங்கியவருக்கு என்ன செய்வது?

காருக்கு நடந்தார்கள். தூரத்தில் கொட்டிலில் இருந்து இருமல் இன்னும் கேட்டது. அப்போதுதான் துஷாந்திக்கு நினைவு வந்தது.

ஈர்க்கு.

சோறு, எள், இலை என்று ஆரெலி கண்டதை எல்லாம் சொன்னாள். ஈர்க்கு குத்தியிருந்தது அவளுக்குத் தெரியாது. ஐயருக்கும் துஷாந்திக்கும்தான் தெரியும். தெரியாமலே போனால், அந்தக் கிழவர் மானின் வயிற்றைத் தடவிக்கொண்டு இருப்பார், கூர் தொண்டையிலே இருக்கும். தான் வாய் மூடி இருக்கிற ஒவ்வொரு நிமிடமும் அந்த மானுக்கும் அதன் குட்டிக்கும் ஆபத்து என்று விளங்கியபோது, தம்பி என்ன நினைப்பான் என்கிற பயம் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன், காரில் இருங்கோ என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். கண்ணுக்கு மறைந்ததும் ஓடினாள். சேலையில் இல்லாமல் காற்சட்டையில் வந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஸ்ரனிஸ்லாஸ் வைக்கோலில் முழங்காலில் இருந்தார். மான் அவருடைய மடியில் தாடையை வைத்திருந்தது. துஷாந்தியிடம் இருந்தது கடைப் பிரெஞ்சு. வெங்காயம், புதினா, வணக்கம், நாளை வரும். அந்தப் பிரெஞ்சில் ஈர்க்குக்குச் சொல் இல்லை. அவள் வைக்கோலில் இருந்து விறைப்பான ஒரு குச்சியை எடுத்து விரல் நீளத்துக்கு உடைத்தாள். தரையில் கிடந்த ஓர் இலையை மடித்து அதில் குத்திக் காட்டினாள். பிறகு இரண்டு விரலை நீட்டினாள். இரண்டு. தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

கிழவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய டோர்ச்சை அவள் கையில் கொடுத்தார். வாயைப் பிளந்து பிடித்தார். துஷாந்தி வெளிச்சம் காட்டினாள். இரண்டு கையாலும் பிடித்தாள். முருகா, முருகா என்பதைத் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை.

அவர் மறுகையால் உள்ளே விட்ட இடுக்கியின் முனையில் ஈர்க்குத் துண்டு ஒன்று வந்தது. மான் தலையை உதறி, மூச்சை இழுத்து விட்டது. இருமல் நின்றது.

அவர் மறுபடி தேடினார். நெடுநேரம் தேடினார். மற்றது அகப்படவில்லை.

“இரண்டா?” என்று விரலால் கேட்டார்.

“ஓம்,” என்று தமிழில் சொன்னாள். பிறகுதான் ‘உய்’ என்றாள்.

விழுங்கியிருக்கலாம், புல்லில் விழுந்தும் இருக்கலாம், இரவு மிருக வைத்தியர் வருவார் என்று மெதுவாக, அவளுக்கு விளங்கும்படி சொன்னார். இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

துஷாந்தி டோர்ச்சை அணைத்தாள். “நான் கொடுத்தது,” என்றாள். “ஆரெலி இல்லை. நான். என் அப்பாவுக்கு.” அப்பா என்றதும் வானத்தைக் காட்டினாள். “ஆரெலி...” ‘பழியை ஏற்றாள்’ என்பதற்கு அவளிடம் சொல் இல்லை. நல்ல தக்காளிக்கும் நல்ல வாடிக்கையாளருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த ஒரு சொல்தான் இருந்தது. அதையே சொன்னாள். “ஆரெலி நல்லவள்.”

கிழவர் மானின் காதுக்கு அடியில் சொறிந்துகொண்டிருந்தார். அவர் கண்டபடி ஏசியிருந்தால் துஷாந்திக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில், நீ வந்து சொன்னதை ஆரெலியிடம் சொல்லட்டுமா என்றார்.

வேண்டாம் என்று கையசைத்தாள். அது நான் சொல்ல வேண்டியது என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். தன் தொலைபேசி இலக்கத்தைச் சொன்னாள். ஆரெலியின் இலக்கம் அவரிடம் இருக்கும். ஆனால் விடிந்ததும் மானின் செய்தி தனக்குத்தான் வர வேண்டும், நல்லதானாலும் வேறெதுவானாலும்.

போகும்போது குனிந்து மானின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொட்டிலில் அவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

காரில் வந்து ஏறியபோது கரிகாலன் இயந்திரத்தை முடுக்கிவிட்டிருந்தான். ஆரெலி முன் இருக்கையில் இருந்தாள். கார் அசைய முன், யாரோ கண்ணாடியில் தட்டினார்கள்.

ஸ்ரனிஸ்லாஸ்.

“ஆரெலி,” என்றார். மணிக்கம்பத்தின் பக்கம் தாடையால் காட்டினார். “நேரமாகிறது. எனக்குத் தோள் நோகிறது. அந்தச் சின்னவளையும் கூட்டி வா.”

ஆரெலி நம்பாமல் அவரைப் பார்த்தாள். அவர் பின்னுக்கு இருந்த துஷாந்தியைப் பார்க்கவே இல்லை. அவள் கேட்டபடியே எதையும் வெளிவிடவில்லை.

“மனிசனுக்கு என்ன நடந்தது? இப்பத்தானே மணியைத் தானே அடிப்பன் எண்டு...” என்றான் கரிகாலன்.

ஆரெலி திரும்பித் துஷாந்தியைப் பார்த்தாள், போகலாமா என்பதுபோல.

“போம், ஆரெலி,” என்றாள் துஷாந்தி. “பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போம். கயிறு பாரமாம். சேர்ந்து பிடியுங்கோ.”

அக்‌ஷரா கதவைத் திறந்து பறந்தாள். கரிகாலனும் படம் எடுக்கப் பின்னால் போனான்.

துஷாந்தி இறங்கவில்லை. தொலைபேசியை மடியில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டாள். செய்தி நாளைக்குத்தான் வரும் என்று தெரியும். இருந்தாலும் வைத்தாள். பக்கத்தில் தேநீர் போத்தல் கிடந்தது. மத்தியானம் மற்றவர்கள் போத்தல் மூடியில் மாறி மாறிக் குடிக்க, ஆரெலிக்கு மட்டும் தனியாகக் கடதாசிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

மணி ஒருமுறை அடித்தது, சின்னதாக, அரைகுறையாக. பிள்ளையின் கை. அடுத்து இன்னொரு கையும் சேர்ந்து இழுத்தது. நீண்டு, காடெல்லாம் கேட்கும்படி அடித்தது. மரங்களுக்குப் பின்னால் குளம்புச் சத்தங்கள் எழுந்தன.

காருக்குள் தனியே இருந்து, அவள் அதைக் கடைசி வரை கேட்டாள்.